கட்டைவிரல் துளை

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். கை அளவு கொடுக்க வருகிறவர்களை இதில்தான் உட்கார வைப்பேன். வெளியே பந்து உருளும் சத்தமும் அது பட்டு மரப் பின்கள் சரியும் சத்தமும் முதலில் தலைவலியாக இருக்கும், போகப் போகக் காதில் விழாது. மூலையில் இருக்கும் அந்த நீல பக்கெட்டை எதற்குப் பார்க்கிறீர்கள்? அது பழசு, மூடி போட்டபடி கிடக்கிறது. நீங்கள் கேட்க வந்தது மாஸ்டரின் கையைப் பற்றி. அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. யாராவது முன்னாலேயே கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

இந்த பௌலிங் ஹாலில் என் வேலை பந்துக்குத் துளை போடுவது. புதுப் பந்து வெறும் உருண்டையாகத்தான் வரும். எறியப் போகிறவரின் கையை அளந்து, கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் ஒவ்வொன்று என்று துளை போட வேண்டும். துளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எந்தப் பக்கம் சாய்வு, விளிம்பை எவ்வளவு மழுக்குவது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கச்சிதமாக அமைந்துவிட்டால் கையில் பந்து இருப்பதே தெரியாது. நான் போட்ட துளையை ஒருத்தர் குறை சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மாஸ்டர் கடைசிவரை என் துளைகளைச் சந்தேகப்படாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

யூரித்தேன் பந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது. பந்து ஓடும் பலகைப் பாதைதான் லேன், அதன் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். எண்ணெய் இருக்கிறவரை பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்த பலகையைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு திரும்பும். இப்போது முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது ரெசின் பந்து. அது எண்ணெயைக் குடிக்கும், கடைசியில் வெடுக்கென்று திரும்பும். எண்ணெயை நீளமாகப் பூசிய லேனில் அதை விட்டால் ஆளில்லை. ஆனால் எண்ணெயைக் குட்டையாக நிறுத்திய லேனில் அதே பந்து கண்மண் தெரியாமல் திரும்பித் தொலைக்கும். அங்கே யூரித்தேன்தான். எண்ணெயைக் குடிக்காது, சீக்கிரமே உருளத் தொடங்கி நிதானமாக வளையும், அனுப்பிய இடத்துக்குப் போகும். ஒரே குறை, ஆட ஆட எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால் கடைசி ஆட்டங்களில் வளையாமல் சண்டித்தனம் பண்ணும், ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்து எறிய வேண்டும். என் தம்பி யூரித்தேனைக் கையில் எடுத்தால் பக்கத்து லேன்காரர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

தம்பியை வளர்த்தவள் நான். அப்பா அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. எனக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவில்லையே என்று நான் உட்கார்ந்து அழுததும் இல்லை. அவன் கை வளர வளர அளந்து அளந்து பந்து போட்டுக் கொடுத்தேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பையன் மேடம். அவனுக்கும் மாஸ்டருக்கும் அப்படி ஒரு சிநேகிதம். மாஸ்டர் என்றால் தையற்கடை கட்டிங் மாஸ்டர். இரண்டு தெரு தள்ளிக் கடை. எங்கள் ஹால் அணிக்கு அவர்தான் கேப்டன். வயதில் என்னைவிட மூத்தவர், ஆனாலும் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். நானும் அந்த மரியாதையில் மயங்கித்தான் கிடந்தேன்.

அந்த வருடப் பெரிய போட்டியில் ஜெயித்தால் தம்பியை வேறொரு ஹாலில் பயிற்சியாளராக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு அது ஒன்றுதான் கனவு. இந்த எண்ணெய்ப் பிசுக்கில் அவன் ஆயுள் கழியக் கூடாது. இறுதி ஆட்டத்தன்று எண்ணெயைக் குட்டையாகப் பூசியிருந்தார்கள், தம்பிக்கென்றே பூசியதாக எனக்குத் தோன்றியது. அவன் யூரித்தேனை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் மாஸ்டர் நடுவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். நடுவர் முள் வைத்த ஒரு சின்னக் கருவியோடு வந்தார்.

யூரித்தேன் பந்து இவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தின்னர் மாதிரி எதிலாவது ஊறப் போட்டால் பந்தின் தோல் இளகிவிடும், பலகையை இன்னும் நன்றாகப் பிடிக்கும். அது மோசடி. தம்பியின் பந்தில் முள்ளை அழுத்திப் பார்த்தார்கள். விதி கேட்ட கெட்டி அதில் இல்லை. "ஊறப் போட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அவன் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், பயந்துவிட்டான். இனி எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று தடை போட்டார்கள். மறுநாள் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். எங்கே போகிறாய் என்று கேட்டேன், சொல்லவில்லை. ஃபோன் போட்டால் எடுக்கவும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். மாஸ்டர் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பி கோப்பையோடு வீட்டுக்கு வந்திருப்பான். கூடப் பிறக்காத அண்ணனாகப் பழகிவிட்டு அவன் காலை வாரிவிட்டார். என் வீட்டு விளக்கை ஊதி அணைத்துவிட்டுத் தன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவரே வந்தார். பை நிறைய ஆப்பிள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எனக்கு வேற வழி தெரியல. அவன் அத வச்சு ஜெயிச்சு, பின்னால வெளியாளு யாராவது கண்டுபிடிச்சிருந்தா இன்னும் அசிங்கமாயிருக்கும்."

"விடுங்க மாஸ்டர். நடந்தது நடந்துபோச்சு. ஆப்பிள அப்படி வைங்க."

"தம்பி நல்லா இருப்பான்க்கா. கவலப்படாதீங்க."

என் தம்பி நன்றாக இருப்பான் என்று எனக்குச் சொல்ல இவர் யார்? அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவை வரும்போதும் கிளம்புகிற நேரத்தில் இதையே சொல்வார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டுப் போவார். நான் சிரித்துக்கொண்டே வழியனுப்புவேன்.

தம்பி போனபிறகு அணியில் குட்டை எண்ணெய் லேனுக்கு ஆளில்லை. "யூரித்தேன் நானே எறியலாம்னு பாக்கறேன். நீங்கதான் பாத்துக் குடுக்கணும்," என்று கையை மேசைமேல் நீட்டினார். பிடித்து அளந்தேன். கட்டைவிரலின் உள்பக்கம், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. துளையின் விளிம்பு சரியாக அந்த இடத்தில்தான் உட்காரும். அதனால்தான் அந்த விளிம்பை நன்றாக மழுக்கிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். என் விரல் அந்த நரம்பின்மேல் இருந்தது. உள்ளே ஒரு நிம்மதி வந்தது மேடம். தம்பி போனதிலிருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததே இல்லை.

முதல் பந்தை அருமையாகப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. குட்டை எண்ணெயில் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பலகைமேல் விட வேண்டும், எப்போது துடைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்தேன். தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் ஜெயிக்கத் தொடங்கினார். ஜெயிக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். தோற்கிறவன் கை வலித்தால் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். ஜெயிக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு எறிவான்.

பிறகு அடுத்த பந்து. "ரொம்பக் காய்ஞ்ச லேனுக்கு வழவழன்னு பாலிஷ் போட்டது ஒண்ணு வேணும் மாஸ்டர்," என்றேன். அது உண்மைதான். அதில் இடைவெளியை மயிரிழை கூட்டினேன், உள்விளிம்பை மயிரிழை குறைத்து மழுக்கினேன். நடுத்தர எண்ணெய்க்கு, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கியது ஒன்று. அதுவும் உண்மையான தேவைதான். அதில் இன்னொரு மயிரிழை. புதுச் செருப்பு கடித்தால் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகிற செருப்பை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒருமுறை மட்டும், "பிடி கொஞ்சம் வேற மாதிரி இருக்கேக்கா," என்றார். "ரெசினுக்கும் யூரித்தேனுக்கும் பிடி ஒண்ணா இருக்குமா மாஸ்டர்? இத இறுக்கிப் பிடிச்சாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்," என்றேன். அது பொய். நல்ல துளையில் எந்தப் பந்தையும் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. அவர் தலையாட்டிக்கொண்டு போய் இறுக்கிப் பிடித்தார்.

மரத்துப்போகத் தொடங்கியதும் நேராக என்னிடம்தான் வந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை, புலம்ப வந்தார்.

"கட்டவிரல் சுருசுருன்னு இழுக்குதுக்கா. எல்லாம் இந்தக் கத்தரி பண்ற வேல."

தையற்காரரின் பெரிய கத்தரி எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். இரும்பு வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு நாள் முழுக்க அழுத்த வேண்டும். அழுத்துகிற இடமும் கிட்டத்தட்ட அதே இடம். நானே திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. நான் கத்தரியை யோசிக்கவே இல்லை, சத்தியமாக. அவரே அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கத்தரியேதான் மாஸ்டர். எவ்வளவு காலம் பிடிக்கறீங்க, இரும்பா அது, இல்ல விரலா? கடைய நேரத்தோட மூடுங்க. இங்க வந்து ரெண்டு ஆட்டம் ஆடுங்க, கைக்கும் ஒரு மாறுதல்."

அவர் கேட்டார். கத்தரியைக் குறைத்தார், பந்தைக் கூட்டினார். கையை ஆற்றிக்கொள்ள ஹாலுக்கு வந்தார். நான் டீ போட்டுக் கொடுப்பேன். "உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான்க்கா ஓடுது," என்பார். பாருங்கள், எவ்வளவு நல்ல வார்த்தை. அவர் நல்லவர் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும், என் தம்பிக்குச் செய்தது செய்ததுதானே.

கடைசியாக நடந்த போட்டியில் எண்ணெயை நீளமாக, கெட்டியாகப் பூசியிருந்தார்கள். அங்கே யூரித்தேனுக்கு வேலையே இல்லை. வழுக்கிக்கொண்டே போகும், வளையாது, பின்கள்மேல் பட்டாலும் அடியில் வலு இருக்காது. ரெசினை எடுத்து லேசாக விட்டாலே போதும். மாஸ்டருக்கும் அது தெரியும். "ஆயில் நீளமா இருக்கே, பழைய ரெசின எடுக்கட்டுமாக்கா?" என்று முந்தின நாளே ஃபோன் போட்டுக் கேட்டார். அந்த ரெசின் பந்து நான் பழைய காலத்தில் போட்டுக் கொடுத்தது, துளை தங்கமாக இருக்கும். அதை எடுத்திருந்தால் அவர் கை ஒருவேளை பிழைத்திருக்கும். "வேண்டாம், யூரித்தேனுக்கே நல்லா உப்புத்தாள் போட்டுத் தரேன், பிடிச்சுக்கும்," என்றேன். எந்த லேனுக்கு எந்தப் பந்து என்பதில் நான் தெரிந்தே தப்பாகச் சொன்ன யோசனை அது ஒன்றுதான், அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நாள் முழுக்க அவர் எறிந்தார். பந்து வளையவில்லை, அதனால் இன்னும் இறுக்கினார், இன்னும் வேகமாகச் சுழற்றினார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தேன். தோற்றுப்போய் வந்து கையைக் காட்டினார். கட்டைவிரலின் உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி. அதை அழுத்திப் பார்த்தேன். "வலிக்குதா மாஸ்டர்?" என்றேன். "இல்லக்கா, ஒண்ணுமே தெரியல," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை மேடம், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த இஸ்திரிப்பெட்டி விஷயம். யாரோ ஒருவரின் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கருகுகிற வாசனை வந்ததும் துணி போய்விட்டதே என்று பதறிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். துணி நன்றாகத்தான் இருந்தது. கருகியது அவர் விரல். ஆபரேஷன் செய்தும் நரம்பு திரும்பவில்லை, பிடி போய்விட்டது. கத்தரி பிடிக்க முடியாத கட்டிங் மாஸ்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

அவருக்கு மூக்கு எப்போதுமே கூர்மை. துணியில் கறை எடுக்கிற மருந்தோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர் இல்லையா? தம்பியின் பந்தையும் அந்த மூக்கால்தான் கண்டுபிடித்தார். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் இங்கே வந்து, "அக்கா, தம்பி பந்துல கறை எடுக்கற மருந்து வாசம் அடிக்குது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான் கேட்டுட்டேன். நாளைக்கு அத எறிய விடாதீங்க, வேற பந்து குடுங்க," என்று கெஞ்சினார். உங்க மூக்குல கோளாறு மாஸ்டர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னிடம் வந்து சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் நடுவரிடமும் போய்ச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாஸ்டரின் பந்தை ஸ்டேஷனுக்கு எடுத்துவந்து உங்களிடம் கொடுத்தது தம்பிதான் என்று வாசலில் நிற்கும்போதே சொன்னீர்கள். அவன் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து மாஸ்டர் கடையில்தான் இருந்தான், அவர் வீட்டில்தான் சாப்பிட்டான், அவரிடம்தான் வெட்டக் கற்றுக்கொண்டான் என்றும் சொன்னீர்கள். எனக்குத் தெரியாது. இரண்டு தெரு தள்ளி. கடையின் பின்பக்கமே இருந்துகொண்டான் போலிருக்கிறது. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டானாம், மாஸ்டரும் வாயைத் திறக்கவில்லை. நல்லா இருப்பான்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். இத்தனை நாளும் தம்பி ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லையாம். மாஸ்டரின் மனைவி அவருடைய பந்துப் பையை எடுத்து எறியச் சொன்னபோதுதான் தூக்கியிருக்கிறான். தூக்கும்போது விரலைத் துளைக்குள் விட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு நொடி போதும். என் கை வேலையை அவனைவிட யாருக்குத் தெரியும்?

மறுபடியும் பக்கெட்டைப் பார்க்கிறீர்கள். சரி, திறந்து பாருங்கள், வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கும். ஊறப் போட்டது நான்தான். அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பான். அன்றைக்கு அவன் தோற்றுவிடக் கூடாதே என்று ஒரு பயம், பெற்ற தாயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அது வேறு விஷயம், இதோடு அதைச் சேர்க்காதீர்கள். மாஸ்டரின் விரலை நான்தான் கெடுத்தேன், தெரிந்தே கெடுத்தேன், அதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தம்பி கீழே ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறான், மேலே வரமாட்டேன் என்கிறான் என்றீர்களே. மாஸ்டர் வீட்டில் இத்தனை நாள் உப்புப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான், அந்த விசுவாசத்தில் ஏதேதோ சொல்லியிருப்பான், பிள்ளை மனசு. நீங்கள் இறங்கிப் போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேடம். அவன் வாழ்க்கையைக் கெடுத்தவரை அவன் அக்கா சும்மா விடவில்லை என்று சொல்லுங்கள். கேட்டால் ஓடி வருவான்.